யானையை மட்டுமாவது விட்டுவிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உயிரியல் பூங்காக்களை மொத்தமாக மூட வேண்டும் என்கிறார்கள் சிலர், அப்படியானால் நகரத்துப் பிள்ளைகள் விலங்குகளை எங்கே போய்ப் பார்ப்பார்கள் என்கிறார்கள் வேறு சிலர். இந்த வாதம் எப்போது முடியுமோ தெரியாது. ஆனால் யானையை அங்கே வைக்கக் கூடாது என்பதற்கு அது முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

டெல்லி பூங்காவில் இருந்த சங்கரை நினைத்துப் பாருங்கள். ஜிம்பாப்வே நமக்குப் பரிசாகத் தந்த ஆப்பிரிக்க யானை. கூட வந்த பெண் யானை சில வருடங்களில் செத்துப்போனது, அதற்கப்புறம் பல வருடங்கள் தன் இனத்தில் ஒரு துணைகூட இல்லாமல் தனியாகவே கிடந்து, 2025 செப்டம்பரில் அதுவும் போய்விட்டது. நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார்கள், உலக உயிரியல் பூங்காக்கள் சங்கமே 2024-இல் அந்தப் பூங்காவின் உறுப்பினர் தகுதியை நிறுத்திவைத்தது, எதுவும் உரிய நேரத்தில் அதைக் காப்பாற்றவில்லை.

காவனின் கதையும் கிட்டத்தட்ட இதேதான், முடிவு மட்டும் வேறு. 1985-இல் இலங்கை பாகிஸ்தானுக்குக் கொடுத்த யானை அது. ஜோடி யானை 2012-இல் இறந்த பிறகு இஸ்லாமாபாத்தில் தனியாக நின்றது. 2020-இல் அந்த ஊர் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, அதே வருடம் நவம்பரில் விமானத்தில் கம்போடியா போய்ச் சேர்ந்து, பல வருடங்களுக்குப் பிறகு இன்னொரு யானையின் தும்பிக்கையைத் தொட்டது. மனசு வைத்தால் நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மூத்த பெண் யானையின் பின்னால் குடும்பமாக மைல் கணக்கில் நடக்கிற பிராணி அது. சிமெண்ட் தரையில் நிறுத்தினால் பாதம் புண்ணாகிறது, நின்ற இடத்திலேயே தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறது. யானை டான்ஸ் ஆடுகிறது என்று பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அது மன உளைச்சல் என்று பக்கத்தில் நிற்கிற பெரியவர்களாவது சொல்ல வேண்டாமா? இதைப் பார்த்து அந்தக் குழந்தை யானையைப் பற்றி என்ன கற்றுக்கொள்ளும்?

அடைத்து வளர்ப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. வடநெம்மேலி முதலைப் பண்ணை 1976-இல் தொடங்கியதே அழிந்துகொண்டிருந்த முதலைகளைப் பெருக்கத்தான், அங்கே பொரித்த குஞ்சுகள் பல மாநிலங்களுக்குப் போயின. வண்டலூரில் சிங்கவால் குரங்குகளை இனப்பெருக்கம் செய்வதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. பூங்காவில் தனியாக நிற்கும் யானையால் காட்டுக்கு என்ன பிரயோசனம்?

யானைகளைப் பூங்காக்களிலிருந்து முகாம்களுக்கும் சரணாலயங்களுக்கும் மாற்றச் சொல்லி மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2009-லேயே உத்தரவு போட்டது. சங்கர் இறந்தது அதற்குப் பதினாறு வருடம் கழித்து. முகாமிலும் சங்கிலி உண்டு, பாகன் உண்டு, தெரியும். ஆனாலும் தெப்பக்காட்டிலும் கோழிகமுத்தியிலும் யானை காட்டுக்குள் போய் மேய்கிறது, பக்கத்தில் வேறு யானைகள் இருக்கின்றன.

இன்னும் எந்தெந்தப் பூங்காக்களில் யானைகள் இருக்கின்றன, எந்தத் தேதிக்குள் மாற்றுவார்கள் என்று ஆணையம் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். இனி எந்த நாடு யானையைப் பரிசாகத் தந்தாலும் அன்போடு மறுத்துவிட வேண்டும், நாமும் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குரோம்பேட்டை