எல்லோராவுக்கு ஒரு மணி நேரம் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அஜந்தா, எல்லோரா பற்றி உங்கள் இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. எங்கள் பக்கத்திலிருந்து போகிறவர்கள் அந்தக் குகைகளை எப்படிப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து எல்லோராவுக்கென்றே கிளம்புகிறவர்கள் அபூர்வம். பெரும்பாலும் சீரடி டூர்தான். பாபா தரிசனம், சனி சிங்கனாப்பூர், கிரிஷ்ணேஸ்வர் ஜோதிர்லிங்கம். அந்தக் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் எல்லோராவையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நாங்கள் போன வண்டியிலும் அப்படித்தான். "ஒரு மணி நேரத்துல வந்துடுங்க" என்றார் அழைத்துப்போனவர். எல்லாரும் 16-ஆம் குகையான கைலாசநாதர் கோயிலுக்கு ஓடி, கல் யானை முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குத் திரும்பினோம். பிறகு குடும்பத்தோடு தனியாக ரயிலேறிப் போய்த்தான் நிதானமாகப் பார்க்க முடிந்தது.

அங்கே இருப்பவை 34 குகைகள். 1 முதல் 12 வரை பௌத்தம், 13 முதல் 29 வரை இந்து சமயம், மீதி ஐந்தும் சமணம். எல்லாம் ஒரே மலைச்சரிவில் வரிசையாக இருக்கின்றன.

கைலாசநாதர் கோயில் பேரதிசயம்தான். 8-ஆம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில், மலையை உச்சியிலிருந்து கீழ்நோக்கி வெட்டிக்கொண்டே வந்து உருவாக்கியது. கிரானைட் குவாரிகளுக்கு நடுவே வளர்ந்த எங்களுக்கு அதன் அருமை கூடுதலாகவே உறைக்கும். குவாரியில் ஒரு பிளாக் பிசகி உடைந்தால் அடுத்ததை எடுக்கலாம். அங்கே ஒரு தூண் உடைந்திருந்தால் மாற்றி வைக்க வழியே கிடையாது. எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பசால்ட் பாறை அது. நம்மூர்க் கல்லின் வகை வேறு, வேலையும் வேறு.

என்னைக் கேட்டால், 16-க்கு நேராகப் போகக் கூடாது. பௌத்தக் குகைகளில் தொடங்க வேண்டும். 10-ஆம் குகைக்குள் நுழைந்து தலையைத் தூக்கிப் பாருங்கள். வளைந்த மர விட்டங்கள் கூரை முழுக்க வரிசையாக இறங்கி வரும். அத்தனையும் பாறையில் செதுக்கியவை. எந்தப் பாரத்தையும் தாங்காத விட்டங்கள்! மரத்தில் மண்டபம் கட்டிப் பழகிய வடிவத்தைக் கல்லுக்கு வந்த பிறகும் விட மனம் வரவில்லை. உள்ளூர்க்காரர்கள் அதைத் தச்சன் குடிசை என்கிறார்கள். உள்ளே ஸ்தூபியின் முன்னால் புத்தர் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கிறார். மெல்லப் பேசினாலே குரல் கூரையெங்கும் சுற்றி வருகிறது. அங்கிருந்து கிளம்பவே மனமில்லை.

12-ஆம் குகை மூன்று தளம். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் தூண்களாகத் தெரியும். சிரமம் பார்க்காமல் மேல் தளத்துக்கு ஏறினால் பக்கத்துக்கு ஏழாகப் புத்தர்கள் உட்கார்ந்திருப்பார்கள். 15-ஆம் குகை பௌத்தத் துறவிகளின் மடமாகத் தொடங்கப்பட்டுப் பின்னர் சிவன் கோயிலானது என்பது ஆய்வாளர்கள் கருத்து. கிருஷ்ணனுக்கு முன் ஆண்ட தந்திதுர்க்கனின் கல்வெட்டும் அங்கே இருக்கிறது. அப்புறம் 16-க்குள் போய் நில்லுங்கள். மலையைக் குடையத் தெரிந்த கைகள் தலைமுறை தலைமுறையாக எப்படி அங்கே வந்து சேர்ந்தன என்பது தானாகவே புரியும்.

அஜந்தா அங்கிருந்து தூரம். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். ஓவியங்களைப் பார்க்கிறவர்கள் பாதியில் நின்றுபோன 24-ஆம் குகையையும் விட வேண்டாம். பாறை எப்படிக் குடையப்பட்டது என்பதை அங்கே கண்ணாலேயே படிக்கலாம்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு நாமக்கல் இருக்கிறது. நம் தகடூரை (இன்றைய தருமபுரி) ஆண்ட அதியமான் மரபினர் 8-ஆம் நூற்றாண்டில் குடைந்த இரண்டு கோயில்கள் ஒரே மலையின் இரு பக்கமும் உள்ளன. அரங்கநாதர் குடைவரையின் பெயர் அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று கல்வெட்டே சொல்கிறது. நரசிம்மர் குடைவரையில் இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், வராகர், உலகளந்த பெருமாள் என்று சுவர் முழுக்கச் சிற்பம். நம்மவர்களோ 18 அடி ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுகிறார்கள். அவ்வையும் நெல்லிக்கனியும் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அதே மரபு குடைந்த கோயிலுக்குள் அவர்களைக் கூட்டிப்போக வேண்டாமா?

சீரடி டூர் நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: சத்ரபதி சம்பாஜிநகரில் (பழைய அவுரங்காபாத்) ஒரு ராத்திரி தங்க வையுங்கள், எல்லோராவுக்கு ஒரு முழுப் பகல் கொடுங்கள். கூடுதல் செலவைச் சொல்லிக் கேட்டால் கொடுக்க ஆள் இருக்கிறார்கள், நானே கொடுப்பேன். எல்லோராவுக்குச் செவ்வாய் விடுமுறை, அஜந்தாவுக்குத் திங்கள். தேதியை அதற்கேற்பப் போடுங்கள்.

அடுத்த முறை பயணக் கட்டுரை வெளியிடும்போது எந்தக் குகையில் தொடங்கி எந்த வரிசையில் நடப்பது, எதில் என்ன பார்ப்பது என்று ஒரு பெட்டிச் செய்தியும் விடுமுறை நாட்களும் சேர்த்துப் போட்டால், வெட்டி எடுத்துப் பையில் வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.