நாலு செடிக்கு எதற்கு ஒளிவுமறைவு?

ஆசிரியருக்கு,

வாடகை வீட்டில் யாருக்கும் தெரியாமல் கஞ்சாச் செடி வளர்ப்பது இங்கே டொரொண்டோவில் சிலருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. ஏன் ஒளிக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. 2018 அக்டோபர் 17 முதல் ஒரு வீட்டுக்கு நாலு செடி வரை வளர்க்கக் கனடாச் சட்டமே விடுகிறது. ஆளுக்கு நாலு இல்லை, வீட்டுக்கு நாலு, மூன்று பேர் பங்கு போட்டுக் குடியிருந்தாலும் அதே நாலுதான். கியூபெக்கில் அதுவும் கிடையாது, அந்த மாகாணத் தடை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லிவிட்டது.

சட்டம் விட்டாலும் வாடகை ஒப்பந்தத்தில் கூடாது என்று எழுதியிருந்தால் சிக்கல் வரும், ஒளிப்பதற்குக் காரணமும் பெரும்பாலும் இதுதான். ஆனால் வாசத்துக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி, நாள் முழுக்க விளக்கெரித்தால், செடி விடும் ஈரமெல்லாம் சுவரில்தான் இறங்கும். அப்புறம் கரும்பூஞ்சை. பேஸ்மென்ட் என்றால் கேட்கவே வேண்டாம். சுவரை உடைத்துத் திருத்தும் செலவை யார் கொடுப்பது?

வீட்டுக்காரர்களே, பிடிக்கவில்லை என்றால் கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிவிடுங்கள். குடியிருப்பவர்களும் வாய்விட்டுக் கேளுங்கள், சிலர் சரி என்றும் சொல்வார்கள்.

ஒரு வாசகர்,
ஸ்காபரோ