குதிரையின் கால் குட்டை இல்லை, ஐயா

பள்ளி ஓவியப் போட்டி நடுவர் குழுவினருக்கு,

வணக்கம். ‘உழைப்பு’ என்று தலைப்புக் கொடுத்தது நீங்கள்தான். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மாணவி மெரினாவில் நிற்கும் சவாரிக் குதிரை ஒன்றை வரைந்து கொடுத்தாள். படம் திரும்பி வந்தபோது பின்னங்காலைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில், ‘கால் குட்டை. கம்பீரம் இல்லை.’

கால் குட்டை இல்லை, ஐயா. ஆட்களைச் சுமந்து மணலில் நடந்த குதிரை, சவாரி இல்லாத நேரத்தில் நின்றபடியே இளைப்பாறும். ஒரு பின்னங்காலைத் தளர்த்திக் குளம்பின் நுனியை மட்டும் மண்ணில் வைத்துக்கொள்ளும். பாரம் மற்ற மூன்று காலுக்குப் போகும். கொஞ்ச நேரம் கழித்துக் கால் மாற்றும். இதைப் பார்த்து வரைய அந்தப் பிள்ளை மூன்று ஞாயிற்றுக்கிழமை மணலில் உட்கார்ந்திருந்தாள். சேணத்தின் வார் உரசி வயிற்றோரம் முடி தேய்ந்துபோன இடத்தைக்கூடப் பென்சிலைச் சாய்த்து லேசாகக் காட்டியிருந்தாள். உங்கள் வட்டத்தை ரப்பர் போட்டு அழித்துப் பார்த்தாள். தாள்தான் உரிந்தது.

கம்பீரக் குதிரைகள் நம்மிடம் நிறைய உண்டு. ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத் தூண்களில் முன்னங்காலைத் தூக்கிப் பாய்கின்றன. அவை போர்க் குதிரைகள். ஐயனார் கோயில் மண்குதிரை காவலுக்கு நிற்கிறது. மன்றோ சிலையில் இருப்பது துரையைச் சுமக்கிற குதிரை. நீங்கள் கேட்டதோ உழைப்பு. அந்தச் சவாரிக் குதிரை நடக்கிற அதே கடற்கரையில்தான் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959-லிருந்து இருக்கிறது. பாறையை நெம்பும் அந்த நான்கு பேரும் மார்பை நிமிர்த்தியா நிற்கிறார்கள்? உடம்பு வளைந்து, தசை முறுக்கேறித்தானே இருக்கிறது? மனிதருக்கு ஒத்துக்கொண்டதைக் குதிரைக்கு ஏன் மறுக்கிறீர்கள்?

அந்தப் படத்தைக் கண்காட்சியில் மாட்டுங்கள். பரிசு கேட்கவில்லை.

வாரத்துக்கு ஒரு ஓவிய வகுப்பு. பரீட்சை நெருங்கினால் அதையும் கணக்குக்கு வாங்கிக்கொள்வார்கள். கிடைக்கிற நேரத்தில் பிள்ளைகள் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை என்று மனப்பாடமாக வரைகிறார்கள். பரிசு வாங்குகிற படங்களில் உழவர் சிரித்துக்கொண்டே உழுகிறார். நேரில் போய்ப் பார்த்து வரைந்த ஒருத்திக்கு நாம் கொடுத்தது சிவப்பு வட்டம். இப்போது அவள் காலண்டரைப் பார்த்துக் குதிரை வரைகிறாள், நாலு காலும் நேராக. எனக்குத் தாங்கவில்லை.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கண்காட்சி முடிய இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. உரிந்த தாளாக இருந்தாலும் பரவாயில்லை, அந்தப் படத்தைச் சுவரில் மாட்டுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். உங்களில் யாராவது ஒருநாள் கடற்கரைக்கு வர முடிந்தால் நானும் வருகிறேன். சவாரி குறைந்த நேரமாகப் பார்த்துப் போவோம். குதிரை கால் மாற்றும்வரை கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர்