பழைய பியானோவை அலுமாரியாக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் வீட்டு அலங்காரப் பக்கத்தில், பழைய பியானோவை மதுப் போத்தல் அடுக்கும் அலுமாரியாக மாற்றுவது எப்படி என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. உள்ளே இருக்கும் கம்பிகளைக் குறட்டால் வெட்டி எடுத்துவிட்டு, இரும்புச் சட்டத்தைப் பழைய இரும்புக்கு விற்கலாம் என்று அதில் யோசனை சொல்லப்பட்டிருந்தது. வெள்ளவத்தையில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கும் எனக்கு அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன். சுவரோடு சாய்த்து வைக்கும் சாதாரணப் பியானோவுக்குள் 200க்கு மேற்பட்ட உருக்குக் கம்பிகள் இருக்கின்றன. எல்லாவற்றின் இழுவையையும் கூட்டினால் பல தொன் வரும். 15 தொன்னைத் தாண்டுவதும் உண்டு. அதைத் தாங்கத்தான் அந்த வார்ப்பிரும்புச் சட்டம். இறுகி நிற்கும் கம்பியை வெட்டினால் அது சுழன்று வந்து கண்ணைப் பதம் பார்த்துவிடும். ஒரு பக்கக் கம்பிகளை மட்டும் எடுத்தால் சட்டமே வெடிக்கலாம். தொழில் தெரிந்தவர்கள் கம்பிகளைச் சுற்றி இறுக்கியிருக்கும் சுருதி ஆணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, இடம் மாற்றி மாற்றித் தளர்த்துவார்கள். வேறொன்றும் போடாவிட்டாலும் இந்த எச்சரிக்கையையாவது அடுத்த இதழில் போடுங்கள்.

கொழும்பில் இன்னும் எத்தனையோ வீடுகளில் இப்படியொரு பியானோ துணி போட்டு மூடிக் கிடக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் லண்டனிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கப்பலில் வந்தவை. தோட்டத்துரைமார் பங்களா, கொன்வென்ட், தேவாலய மண்டபம், ஐரோப்பிய வம்சாவளியினரான பறங்கியர் வீடு என்று எல்லா இடத்திலும் இருந்தன. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த பிறகு பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார்கள். அப்படிப் போன ஒரு குடும்பத்திடம்தான், ரெயில்வேயில் கிளாக்காக இருந்த என் அப்பா எங்கள் பியானோவை வாங்கினார். காசைத் தவணையாகக் கொடுத்தார் என்று அம்மா சொல்லுவா.

அது கொலார்ட் அன்ட் கொலார்ட் என்ற லண்டன் கம்பனி செய்தது. பியானோ பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு கிளெமென்டி என்ற பெயர் தெரிந்திருக்கும். அவருடைய சொனாட்டினாக்கள் என்ற சிறு பியானோ உருப்படிகளை வாசிக்காமல் வளர்ந்த மாணவர் குறைவு. அந்த முஸியோ கிளெமென்டி இசை எழுதியதோடு நிற்காமல் லண்டனில் பியானோவும் செய்து விற்றார். அவர் ஒதுங்கிய பிறகு கூட்டாளிகளான கொலார்ட் குடும்பத்தின் பெயருக்கு அந்தக் கம்பனி மாறியது. இதைச் சொல்லிவிட்டு அதே பியானோவில் அவருடைய பாடத்தை வாசிக்கச் சொன்னால், பிள்ளைகள் தாங்களாகவே நிமிர்ந்து உட்காருவார்கள். எனக்கு இதைவிட நல்ல பாட உபகரணம் வேண்டாம்.

1983 ஜூலை இனக் கலவரத்தில் எங்கள் வீட்டில் கதிரை மேசை எல்லாம் போய்விட்டன. பியானோவைத் தூக்க முடியாமல் முன்பலகையை மட்டும் பிளந்துவிட்டுப் போயிருந்தார்கள். நாங்கள் திரும்பி வந்த பிறகும் நீண்ட காலம் அதைத் திருத்த வசதி இருக்கவில்லை. கடைசியில் கொட்டாஞ்சேனையில் சின்னப் பட்டறை வைத்துப் பியானோ திருத்திய தொழிலாளி, நாங்கள் பாஸ் என்று கூப்பிடுகிறவர், வந்து பார்த்தார். தகப்பனிடம் தொழில் பழகியவர். மேல்மூடியைத் திறந்து டோர்ச் அடித்து, வேறெதையும் தொடாமல் முதலில் சுருதி ஆணிகளைத்தான் பார்த்தார். "ஆணி இறுக்கமாக நிற்குது, பயப்படாதேங்கோ ரீச்சர்" என்றார்.

அவர் வேலை செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கம்பிகளை அடிக்கும் சுத்தியல்கள் இருக்கும் தொகுதியை முழுசாகக் கழற்றி மேசையில் வைத்தார். ஒவ்வொரு சுத்தியலின் தலையிலும் இறுக்கி அமுக்கிய கம்பளி ஃபெல்ட். மேல்சுரங்களுக்கு ஒரு கட்டைக்கு மூன்று கம்பி என்பதால், ஃபெல்ட்டில் மூன்று ஆழமான கோடுகள் விழுந்திருந்தன. மெல்லிய பலகைத் துண்டில் ஒட்டிய அரத்தாளால் அந்தக் கோடுகள் மறையும்வரை ஓரத்திலிருந்து நுனிக்கு இழுத்து இழுத்துத் தேய்த்தார். தேய்த்தபின் பார்த்தால் எல்லாம் முட்டை வடிவத்துக்குத் திரும்பியிருந்தன. பிறகு வாசித்துப் பார்த்து, சத்தம் காதைக் குத்தும் இடங்களில் ஃபெல்ட்டை ஊசியால் குத்தி இளக்கினார். ஒரு தடவை அதிகமாகக் குத்தினால் சுரம் செத்துவிடும் என்று சொல்லி, குத்துவதும் வாசிப்பதுமாக ஒரு பின்னேரம் முழுக்க இருந்தார். பூச்சி அரித்த ஃபெல்ட்டுகளை மாற்றினார். பிளந்த முன்பலகைக்கு மொறட்டுவைத் தச்சர் ஒருவரைக் கொண்டு புதுப்பலகை போட்டு, மரத்தின் ரேகை பொருந்த வெனியர் என்ற மெல்லிய மரத்தகட்டை ஒட்டினார்கள்.

சுருதி அரைச்சுரத்துக்கு மேல் இறங்கியிருந்தது. பழைய கம்பியை ஒரேயடியாக ஏற்றினால் அறுந்துவிடும் என்று, இடைவெளி விட்டு வந்து வந்து ஏற்றினார். 1939இல் லண்டனில் நடந்த மாநாட்டில்தான், நடு C-க்கு மேலுள்ள A சுரம் வினாடிக்கு 440 தடவை அதிர வேண்டும் என்ற சுருதி சர்வதேச அளவில் ஒத்துக்கொள்ளப்பட்டது. அதற்கு முந்திய பியானோக்களை வாங்குகிறவர்கள், அதுவரை சேர்க்க முடியுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கும்? சத்தம்தான். இப்போது ஜப்பானிலிருந்து வரும் பாவித்த பியானோக்களின் சத்தம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருக்கும். அவை நல்லவை, மாணவர்களுக்கு நானே சிபாரிசு செய்கிறேன். தொடர்மாடியில் அயலவருக்குத் தொந்தரவில்லாமல் படிக்க டிஜிட்டல் பியானோவும் உதவும். ஆனால் என்னுடையதில் கீழ்ச்சுரங்களுக்கு ஒரு குரல், நடுவில் ஒரு குரல், மேலே இன்னொரு குரல். மெதுவாக அமுக்கினால் மெதுவாகப் பேசும், அவசரப்பட்டால் முரடாகிவிடும். பிள்ளை தன் விரலைத் தானே கேட்கப் பழகுவது அங்கேதான்.

எல்லாப் பழைய பியானோவும் திருத்தத் தகுந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சட்டம் வெடித்திருந்தால், சுருதி ஆணிகள் பதிந்திருக்கும் பலகை பிளந்திருந்தால், கறையான் அடிப்பகுதியைத் தின்றிருந்தால், காசைக் கொட்டாதீர்கள். அதை அலுமாரியாக்கினால் நான் குறை சொல்ல மாட்டேன். கம்பியை மட்டும் தெரிந்தவரைக் கொண்டு கழற்றுங்கள். கட்டைகளின் மேல் தந்தமிருந்தால், ஒவ்வொரு வெள்ளைக் கட்டையிலும் குறுக்கே மயிரிழை போல ஒரு பொருத்துக் கோடு தெரியும். கழன்று போனதற்குப் பிளாஸ்டிக் போடுங்கள். தந்தம் தேடி அலைய வேண்டாம். ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் சர்வதேச வியாபாரத்துக்கு 1989இல் தடை முடிவானது, அது சரியான முடிவு.

கடற்கரைப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. உப்புக் காற்று கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். மழைக்காலத்தில் ஈரம் ஏறி, அமுக்கின கட்டை எழும்பாது. பியானோ பழுதாகிவிட்டதென்று அந்த நேரத்தில்தான் பலர் விற்கிறார்கள். அது பெரும்பாலும் கட்டைகளின் துளைகளுக்குள் ஒட்டியிருக்கும் துணி ஈரத்தில் ஊதியதுதான், சின்ன வேலை. ஜன்னலுக்கு எதிரிலும், ஏசி காற்று நேரே படும் இடத்திலும் வைக்காதீர்கள்.

அந்த பாஸ் இப்போது இல்லை. அவருடைய பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. பியானோவைச் சுருதி சேர்க்கவும் திருத்தவும் தெரிந்தவர்கள் கொழும்பில் மிகக் குறைவு. தமிழ் இளைஞர்கள் யாராவது பழகுகிறார்களா என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். காதும் பொறுமையும் தச்சுக் கையும் உள்ள பிள்ளைக்கு இதில் வேலை இருக்கிறது. உங்கள் பத்திரிகை இப்போது இந்தத் தொழிலில் இருப்பவர்களைத் தேடிப் பேசி ஒரு பக்கம் எழுதினால், பாடசாலை மண்டபங்களில் பூட்டிக் கிடக்கும் பியானோக்களுக்கு யாரைக் கூப்பிடுவது என்று அதிபர்மாருக்காவது தெரியவரும். அந்தக் குறிப்பைப் பார்த்துக் குறட்டோடு நிற்பவர்கள், அதற்கு முன் ஒருவரைக் கூப்பிட்டு மேல்மூடியைத் திறந்து காட்டுங்கள்.

இப்படிக்கு,
பியானோ ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06