குச்சியில் தொடங்கிய எண்ணெய்த் தேடல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாய்க்கால் தண்ணீரில் வானவில் நிறப் படலம் தெரிந்தால் நம் ஊர்களில் உடனே ‘பெட்ரோல் ஊறுகிறது’ என்று பேச்சு கிளம்பிவிடுகிறது. அந்தக் கால எண்ணெய் தேடிகள் முதலில் ஒரு குச்சியால் கலக்கிப் பார்ப்பார்கள். படலம் சில்லுசில்லாக உடைந்து அப்படியே நின்றால் அது இரும்புப் பாக்டீரியாவின் வேலை. சுழன்று மறுபடி சேர்ந்தால்தான் எண்ணெய் என்று சந்தேகிக்கலாம். நெல்லைச் சீமையில் பெரும்பகுதி நைஸ், சார்னோகைட் போன்ற கடும்பாறை; எண்ணெய் பிறப்பதோ மணலும் சேறும் படிந்து இறுகிய படிவுப் பாறையில்.

அடுத்த வேலை பாறை அடுக்குகளின் வரைபடம். ஒருவர் முக்காலிப் பலகையில் தாளை ஒட்டித் தொலைநோக்கியால் குறிபார்ப்பார். மற்றவர் அளவுக்கம்பைத் தூக்கிக்கொண்டு பாறை பாறையாக ஏறுவார். வெயிலில் நாள் முழுக்க இதுதான். நோக்கியின் இரு கோடுகளுக்கிடையே தெரியும் கம்பின் நீளத்தை 100-ஆல் பெருக்கினால் தூரம். பாறை அடுக்கின் சாய்வுத் திசையைத் திசைகாட்டியில் எடுக்கும்போது சுத்தியலைத் தள்ளி வைக்காவிட்டால் முள் விலகும். அந்தப் பிழை வரைபடத்தில் ஏறினால், அடுக்குகள் மேல்நோக்கி வளைந்து எண்ணெய் தேங்கும் இடமே மாறிவிடும்.

1859-இல் அமெரிக்காவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் என்பவர் எண்ணெய்க்காகத் துளையிட்டபோது மண் சரிந்துகொண்டே இருந்தது. இரும்புக் குழாயைப் பாறைவரை அடித்திறக்கிய பிறகே சுமார் 69 அடியில் எண்ணெய் கிடைத்தது. இந்தச் செய்முறைகளைப் பள்ளிப் பாடத்தில் சேர்க்க வேண்டும். குச்சிச் சோதனையை ஆறாம் வகுப்பிலேயே செய்து காட்டலாம்.

நிலவியல் ஆசிரியர்கள்,
பாளையங்கோட்டை.