பட்டத்துக்கு முழு மதிப்பெண்

அன்பு நண்பா,

இங்கே எல்லாரும் நலம். நீ திட்டி எழுதியதும் வந்தது, நம் கூட்டாளி ஒட்டகத்திடம் சொல்லியனுப்பிய மிச்சத் திட்டும் வந்தது. சரி, வாங்கிக்கொண்டேன்.

இப்போது எழுதவைத்தது மகளின் வடிவியல் விடைத்தாள். "மூலைவிட்டங்கள் செங்குத்தாக வெட்டுகின்றன, ஆகவே இந்த நாற்கரம் சாய்சதுரம்" என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். மார்க் கூடிப்போச்சே என்று புலம்பும் அப்பன் நான் ஒருவன்தான் இருப்பேன்.

சாய்சதுரம், அதாவது நாலு பக்கமும் சமமான நாற்கரம் என்றால் மூலைவிட்டங்கள் செங்குத்தாக வெட்டும், உண்மை. அவள் அதைத் திருப்பிப்போட்டுவிட்டாள். மேலே இரண்டு குட்டைப் பக்கம், கீழே இரண்டு நெட்டைப் பக்கம் என்று ஒரு பட்டம் வரைந்து காட்டினேன். அதிலும் செங்குத்துதான், ஆனால் சாய்சதுரம் இல்லை. 'ஒன்றையொன்று இருசமமாகவும் வெட்டும்' என்று சேர்த்திருந்தால் சரி. 'செங்குத்தாக வெட்டவில்லை, ஆகவே சாய்சதுரம் இல்லை' என்றாலும் தாராளமாக ஒப்புக்கொள்ளலாம். திருப்பிப்போட்ட வாக்கியத்துக்கு, அதாவது மறுதலைக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. "அதான் மார்க் போட்டாச்சே" என்றாள். அப்படியே உன் சிஷ்யை!

அன்று ராத்திரி பழைய கிரேக்கக் கணிதர் யூக்ளிடின் வடிவியல் நூலை எடுத்து உட்கார்ந்தேன். முதல் புத்தகத்தில் 27ஆம் தேற்றம்: இரண்டு கோடுகளை மூன்றாவது கோடு ஒன்று வெட்டும்போது உண்டாகும் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்றால் அந்த இரண்டு கோடுகளும் இணை. 29இல் அதன் மறுதலை: கோடுகள் இணை என்றால் அந்தக் கோணங்கள் சமம். நாம் இரண்டையும் ஒரே மூச்சில் ஒப்பித்தோமே! மனிதர் 28 வரை ஐந்தாம் எடுகோளை, அதாவது இணைகோடுகள் பற்றி நிரூபிக்காமலே ஏற்றுக்கொண்ட அந்த அடிப்படைக் கூற்றைத் தொடவே இல்லை. 29க்கு வந்ததும் அது இல்லாமல் நகர முடியவில்லை. 1829இல் ரஷ்யக் கணிதர் லொபசெவ்ஸ்கி வெளியிட்ட வடிவியலில் அந்த எடுகோள் கிடையாது. அங்கே 27 அசையாமல் நிற்கிறது, 29 விழுந்துவிடுகிறது. ஒரே வாக்கியம்தான், திசை மாறினால் தேவைப்படும் அஸ்திவாரமே வேறு. இதை ஏன் நமக்கு யாரும் சொல்லவில்லை? எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம், உன் கை விஷயம். அந்த நோய் வந்தால் விரல் மரத்துப்போகும் என்று எங்கோ படித்துவிட்டு, விரல் மரத்ததால் அந்த நோய்தான் என்று முடிவே கட்டிவிட்டாயே. எத்தனையோ காரணத்தால் விரல் மரக்கும். அதற்காக ஒன்றுமில்லை என்று நானும் சொல்லவரவில்லை. அதைத் தனியாகப் பார்த்துத்தான் சொல்லமுடியும், நீயும் நானும் அல்ல, டாக்டர். இந்த வாரமே போ. தனியாகப் போகாதே, ஒட்டகத்தைக் கூட்டிக்கொண்டு போ. என்ன சொன்னார் என்று அன்றைக்கே எழுது.

உன்
குண்டு