அப்பாவின் பெயரில் அந்த முகட்டில் கல் வேண்டாம்: மலைநடைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மலைநடைக் குழுவினருக்கு,

வணக்கம். அப்பா மறைந்த நாளிலிருந்து நீங்கள் மாறி மாறி வீட்டுக்கு வந்து எங்களோடு இருந்ததை நாங்கள் மறக்கமாட்டோம். ஒவ்வொருவருக்கும் தனியே எழுதாமல் பொதுவாக எழுதுவதற்குக் காரணம், உங்களில் சிலர் எடுத்த ஒரு முடிவு மற்றவர்களுக்கு இன்னும் முழுதாகத் தெரியாது என்பதுதான். அவர் ஆண்டுதோறும் ஏறிய முகட்டில், வழக்கமாக உட்கார்ந்து இளைப்பாறும் பாறைக்குப் பக்கத்தில், பெயரும் தேதிகளும் பொறித்த கல் ஒன்றை நடுவதென்று பேசி, அதற்குப் பணமும் சேர்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று அறிந்தேன். அன்பினால் செய்கிறீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அந்தக் கல்லை நட வேண்டாம் என்று குடும்பத்தின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.

வழியில் யாராவது விளையாட்டாகக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தால் அப்பா என்ன செய்வார் என்பது உங்களுக்குத் தெரியும். குழு முழுவதையும் நிறுத்திவிட்டு, அடுக்கைப் பிரித்து, மண்ணில் பதிந்திருந்த தடம் தேடி ஒவ்வொரு கல்லையும் அதன் ஈரப்பக்கம் கீழே இருக்கும்படி திரும்ப வைப்பார். கல்லடியில் பூரானும் அரணையும் தவளையும் குடியிருக்கின்றன என்பார். பனிமூட்டத்தில் வழி தேடுகிறவன் அந்த அடுக்கை வழிகாட்டிக் குவியல் என்று நம்பித் தவறான சரிவில் இறங்கிவிடுவான் என்றும் சொல்வார். அப்படிப்பட்டவருடைய பெயரை அதே முகட்டில் ஒரு கல்லில் வெட்டி நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிரிட்டனின் மிக உயர்ந்த மலையான பென் நெவிஸின் (1,345 மீட்டர்) உச்சியில் இப்படித்தான் அன்பு மிகுதியால் நினைவுத் தகடுகள் பெருகின. கடைசியில் உச்சியைப் பராமரிக்கும் ஜான் மூயர் அறக்கட்டளை அவற்றை அகற்ற வேண்டியதாயிற்று. சாம்பலை முகட்டில் தூவலாமே என்று கேட்டவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அதில் மிகுந்திருக்கும் பாஸ்பரஸும் கால்சியமும் வளம் குறைந்த மலைமண்ணுக்குப் பழகிய செடிகளுக்கு ஒத்துக்கொள்ளாது.

அப்பாவை நினைக்க என்னிடம் வேறு பல வழிகள் இருக்கின்றன. கையை நீட்டி விரல்களைக் கிடையாக வைத்து, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவில் எத்தனை விரல் அடங்குகிறது என்று பார்த்து, இருட்ட எவ்வளவு நேரம் இருக்கிறது என்று சொல்வார். விரலுக்குக் கால் மணி நேரம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அப்பா பத்து நிமிடத்துக்கு மேல் தரமாட்டார். மின்னலுக்கும் இடிக்கும் இடையே நொடிகளை எண்ணி, மூன்றுக்கு ஒரு கிலோமீட்டர் என்று வகுக்க எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு முன்பே கற்றுக்கொடுத்தவர் அவர். முப்பதுக்குள் இடி கேட்டுவிட்டால், உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிடுவார். மூன்று மைலுக்கு ஒரு மணி, ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி என்று 1892இல் ஸ்காட்லாந்தின் வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த கணக்கை மனத்தில் வைத்தே திட்டம் போடுவார். அதன்மேல் "படம் எடுக்கிறவர்களுக்காக" அரை மணி நேரத்தைத் தம் பங்குக்குச் சேர்த்துக்கொள்வார். கழுத்தில் ஊதல் எப்போதும் தொங்கும். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள், மூன்று முறை ஊதினால் கேட்டுவிட்டது என்று பொருள் என்பதைப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லாமல் நடையைத் தொடங்கியதில்லை.

இனி அவருடைய இன்னொரு பாதி. பையில் தண்ணீருக்கு அடுத்தபடி அவர் மறக்காமல் எடுத்துவைத்தது, கிரிக்கெட் வர்ணனை கேட்கச் சிறிய டிரான்சிஸ்டர். அவருடைய அணி தோற்றால் அன்று இரவு வீட்டில் யாரிடமும் பேசமாட்டார். நடுவரைக் குறைசொல்வதில் நியாயமே பார்க்கமாட்டார். அம்மாவுக்கு இது கடைசிவரை பிடிக்கவில்லை. ஆனால் எவ்வளவு மோசமாகத் தோற்றுக்கொண்டிருந்தாலும் கடைசிப் பந்துக்கு முன் வானொலியை நிறுத்தியதில்லை. அதற்கு அவர் சொல்லும் காரணம் 1983 ஜூன் 18, இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸில் நடந்த ஆட்டம்.

அந்தக் கதையை நீங்கள் ஒவ்வொரு நடையிலும் கேட்டிருப்பீர்கள். ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 9 ரன்னுக்கு நான்கு விக்கெட்டுகளை இழந்து நின்றபோது கபில் தேவ் ஆடவந்து ஆட்டமிழக்காமல் 175 எடுத்ததும், கிர்மானியோடு ஒன்பதாவது விக்கெட்டுக்குப் பிரியாமல் 126 சேர்த்ததும், இந்தியா 31 ரன்னில் வென்றதும், அடுத்த வாரமே உலகக் கோப்பை வந்ததும் கிரிக்கெட் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்தவை. அந்த ஆட்டத்துக்குத் தொலைக்காட்சிப் பதிவே கிடையாது. ஸ்கோரை மட்டும் செய்தியில் கேட்ட அப்பா, மைதானத்தின் வேலியோரம் நின்று பார்த்தவரைப் போல அதைச் சொல்வார். பதினாறு பவுண்டரி, ஆறு சிக்ஸர் என்ற எண்ணிக்கை ஒருநாளும் மாறியதில்லை. பந்து போன உயரம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போயிற்று. கண்ணால் காணாத ஓர் ஆட்டத்தை நாற்பது ஆண்டு வாயாலேயே அவர் காப்பாற்றி வைத்திருந்தார்.

அவரையும் அப்படியே வைத்திருக்கலாம் என்பதுதான் என் வேண்டுகோள். அவருடைய நடைக்குறிப்பேடுகள் முப்பத்தொன்று என்னிடம் இருக்கின்றன. கிளம்பிய நேரம், மேகத்தின் போக்கு, அந்த ஆண்டு முதலில் பூத்தது எது, எந்தப் பறவை எந்த வாரம் வந்தது, யாருக்குக் கால் பிசகியது என்று எழுதி, பக்கத்தின் அடியில் அன்றைய ஆட்டத்தின் ஸ்கோரையும் குறித்திருக்கிறார். அவற்றைக் குழுவுக்கே தருகிறேன். வெற்றுப் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. அவரைப் பற்றி உங்களுக்கு நினைவிருப்பதை அங்கே எழுதுங்கள். "மாமனிதர்" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். எந்த மலை, என்ன மழை, அவர் என்ன சொன்னார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். அவரோடு சண்டை போட்டவர்கள் அதையும் எழுதலாம். கல்லுக்காகச் சேர்ந்த பணத்தைக் கொடுத்தவர்கள் சம்மதித்தால், புதியவர்களுக்கு முதலுதவிப் பயிற்சியும் ஆளுக்கோர் ஊதலும் கொடுக்கப் பயன்படுத்தலாம்.

அடுத்த நடைக்கு நானும் வருகிறேன். வரிசையின் கடைசியில், எல்லோரும் வந்துவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டு, வழியில் கிடக்கும் நெகிழிக் குப்பையைப் பொறுக்கிக்கொண்டு அவர் நடந்த அந்த இடத்துக்கு எனக்கு இன்னும் தகுதி வரவில்லை. வழி நன்றாகத் தெரிந்த ஒருவரை நீங்களே அங்கே நிறுத்துங்கள். என்னை முன்னால் விடுங்கள். மிக மெதுவாக நடப்பவர்தான் முதலில் போக வேண்டும் என்பது அப்பா போட்ட விதி.

இப்படிக்கு,
அவருடைய மகள்